எஸ்தர் டீச்சரும் சும்மா வந்த காரும்

மெக்கானிக் தணிகாசலம் என்னைக் கைப்பேசியில் அழைத்தால் பேச்சு எப்போதும் ஒரே சொல்லில்தான் தொடங்கும். "பூடுச்சும்மா" என்பார். எது போயிற்று என்று நான்தான் கேட்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ், செல்ஃப் மோட்டார், ஏசியின் கூலிங் காயில் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுவார். எஸ்தர் டீச்சர் பள்ளிக்குள் நுழைந்ததும் கைப்பேசியை அணைத்துவிடுவார். அதனால் அவருடைய வண்டியின் உடல்நிலை பற்றிய செய்திகள் எல்லாம், அதில் முன்சீட்டில் வந்துபோகிற எனக்குத்தான் வரும். அவர் ஓய்வு பெற்ற பிறகும் தணிகாசலம் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கெட்ட செய்தியை நேராக டீச்சரிடம் சொல்ல அவருக்குப் பயம்.

போன மாதம் ஒரு காலையில் அழைத்தார். "பூட்டாங்கம்மா" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கு உயர்திணை, அஃறிணை நடத்துகிறவள் நான். அந்த விகுதி என் காதில் ஏறவில்லை. அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை என்ன, கிளட்ச்சா என்று கேட்டேன். அவர் சொன்னார்.

"வண்டி நல்லாத்தான் கீதும்மா. டீச்சருதான் பூட்டாங்க."

வண்டிக்கு ஆயில் மாற்ற அவர் டீச்சரின் ஊரான காவாந்தண்டலத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் கூட்டம் நின்றிருக்கிறது. விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்த டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவதற்குள் போய்விட்டார். அவரிடம் கணக்குப் படித்தவர்கள், அவருடைய வண்டியைத் தள்ளியவர்கள் என்று இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆட்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. டவுன் பஸ் ஒன்று உண்டு. அதை நம்பி வேலைக்குப் போவதும் மழையை நம்பி நாற்று விடுவதும் ஒன்று. எஸ்தர் டீச்சர் ஒரு கோடை விடுமுறையில் யாரிடமும் சொல்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, சென்னையில் யாரோ ஓட்டி அலுத்துப்போன டீசல் வண்டி ஒன்றை வாங்கிவந்துவிட்டார். சின்ன எஸ்.யூ.வி. என்று சொல்லும் வகை. வெளியே பார்த்தால் ஜீப் மாதிரி உயரமாக இருக்கும், உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். எங்கள் அறிவியல் ஆசிரியர் முருகேசன் சார் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். டயரை உதைத்தார். பழைய டீசல் வண்டியில் கிளட்ச் போகும், டர்போ போகும், இன்ஜெக்டர் போகும், வாங்கியது மகா தப்பு என்று அரை மணி நேரம் விளக்கினார். திங்கட்கிழமை காலையில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அந்த வண்டியின் பின்சீட்டில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான்.

முருகேசன் சார் சொன்னது எல்லாம் நடந்தது. அவர் சொன்ன வரிசையில் நடக்கவில்லை, அவ்வளவுதான். முதலில் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்தின் பக்கம் பாத்திரம் உருளுவதுபோல ஒரு சத்தம் வந்தது. சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்துவிட்டது என்றார் தணிகாசலம். மாற்றினார். பாத்திரச் சத்தம் நின்று, திரும்பும்போது கொக்கு கத்துவதுபோல ஒன்று தொடங்கியது. அது ஸ்டியரிங் என்றார். பிறகு எலி வயரைக் கடித்து, இடதுபக்க இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடத் தொடங்கியது. வெயில் காலத்தில் வைப்பர் ஆடினால் டீச்சர் இடதுபுறம் திரும்பப்போகிறார் என்று எதிரே வரும் டிராக்டர்காரர்கள் பழகிக்கொண்டார்கள்.

தணிகாசலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கைராசிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. எதைக் கேட்டாலும் "சின்ன வேலதான்" என்பார். சின்ன வேலை என்றால் ஒரு வாரம். வண்டியைப் பார்த்து அவர் தலையைச் சொறிந்தால் ஒரு மாதம். ஒருமுறை வெறுத்துப்போய் டீச்சர் வண்டியைச் சென்னையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனார். கூட என்னையும் அழைத்துப்போனார். குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, டை கட்டிய தம்பி ஒருவர் மதிப்பீட்டை அச்செடுத்துக் கொடுத்தார். வண்டியை வாங்கிய விலையில் பாதிக்குமேல் இருந்தது. டீச்சர் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொரு வரியாக இறங்கினார். பம்பரைக் கழற்ற ஒரு கூலி, அதே பம்பருக்குப் பின்னால் இருக்கிற ரேடியேட்டரைக் கழற்ற இன்னொரு முறை பம்பர் கூலி. பக்கத்தில் வட்டம் போட்டார். "இதர செலவு" என்ற இடத்தில் விளக்குக என்று எழுதினார். அந்தத் தம்பி மரியாதையாகவே, கூட்டல் எல்லாம் கம்ப்யூட்டர் போட்டது, தப்பாக இருக்காது என்றார்.

"கூட்டல் சரிதான் தம்பி. கணக்கே தப்பு" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. தணிகாசலத்துக்குப் போன் செய்தோம். அங்கேயே விட்டிருக்கலாமே என்றார். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர் மெக்கானிக்கோடு சண்டை போடலாம், பகைத்துக்கொள்ளக் கூடாது என்று டீச்சர் எனக்குச் சொன்னது அன்றுதான்.

அந்த வண்டியின் பின்பக்க இடது கதவு உள்ளிருந்து திறக்காது. அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியின் மோட்டாரும் போய்விட்டிருந்தது. வலது கதவைப் பற்றிப் பேச்சே இல்லை, அது எந்தப் பக்கத்திலிருந்தும் திறக்காது. முருகேசன் சாருக்கு இது பழகிவிட்டது. வண்டி நின்றதும் நான் இறங்கிப்போய் அவரைத் திறந்துவிடுவேன். ஒருநாள் நாங்கள் இருவருமே விடுப்பு. அன்று பார்த்துத் தலைமையாசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டு டீச்சரின் வண்டியில் ஏறியிருக்கிறார். அவர் கண்டிப்பான மனிதர். பின்சீட்டில்தான் உட்காருவார். வழியெல்லாம் பேச்சே இல்லை. பள்ளிக்கு வந்ததும் முதல் மணி அடித்துக்கொண்டிருந்ததால் டீச்சர் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டார். பின்னால் ஒருவர் இருப்பதே நினைவில் இல்லை. தலைமையாசிரியர் டீச்சருக்குப் போன் செய்திருக்கிறார். முன்சீட்டுக்குத் தாண்டவும் வேறு யாரையும் கூப்பிடவும் கௌரவம் விடவில்லை போல. பள்ளி நேரத்தில் ஆசிரியர்கள் கைப்பேசியை அணைத்துவைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவர் அவர்தான். அந்தப் பள்ளியில் அதை முழுமனதாகக் கடைப்பிடித்த ஒரே ஆள் எஸ்தர் டீச்சர். கடைசியில் சத்துணவு அம்மா முருங்கைக்கீரை பறிக்க அந்தப் பக்கம் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் வியர்த்து வடிவதைப் பார்த்துத் திறந்துவிட்டிருக்கிறார். மறுநாள் நான் விசாரித்தபோது டீச்சர் வருத்தமாகத்தான் இருந்தார். ஆனால் சார் திட்டவே இல்லை, தண்ணி மட்டும் கேட்டார் என்றார். அதற்குப் பிறகு கைப்பேசிச் சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்விடலாம். ஆனால் அந்தப் பொதுத்தேர்வு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு மையம் உத்திரமேரூரில். அன்று கணக்குத் தேர்வு. பிள்ளைகள் பஸ் ஏறிவிட்டார்களா என்று கண்ணால் பார்க்காமல் டீச்சருக்கு நிலைகொள்ளாது. என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளி இருக்கிற ஊருக்குள் போனார். நிறுத்தத்தில் பெண்பிள்ளைகள் ஒரு கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியில் சாய்ந்து, பஸ் அந்தப்புறமே நின்றுவிட்டதாம். பையன்கள் கிடைத்த வண்டிகளில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இவர்கள் மட்டும் அழுகிற நிலையில் இருந்தார்கள். டீச்சர் எல்லோரையும் ஏற்றினார். பின்சீட்டில் மடிமேல் மடியாக, டிக்கியில் கால் மடக்கி, என் மடியில் மாகறல் ஊர்ப் பெண் ஒருத்தி. வாய்க்கால் ஓரமாக மண்பாதையில் சுற்றிக்கொண்டு கிளம்பினோம்.

ரேடியேட்டர் ஹோஸ் கசிகிறது என்று முந்தைய வாரமே தெரியும். சின்ன வேலைதான் என்று தணிகாசலம் சொல்லியிருந்தார். பாதி வழியில் சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. நிறுத்தி ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினால் வண்டி பிழைக்கும், தேர்வு போய்விடும். நான் முள்ளைப் பார்த்தேன், டீச்சரைப் பார்த்தேன். அவர் கையை நீட்டி ஹீட்டரை முழு வேகத்தில் திருகிவிட்டார்.

ஏப்ரல் மாதம். வெளியே அனல். உள்ளே அதைவிட அனல் எங்கள் முகத்தில் அடித்தது. டீச்சருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். "பயப்படாதீங்க தமிழம்மா" என்றார். "இன்ஜின் சூட்டை நாம கொஞ்சம் வாங்கிக்கினா அது கொஞ்ச தூரம் ஓடும்." பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்து, கூம்பின் கன அளவு என்ன என்று கேட்டார். வியர்வை வழிய வழியப் பிள்ளைகள் சூத்திரம் சொன்னார்கள். ஒருத்தி தப்பாகச் சொன்னாள். மூன்றில் ஒரு பங்கை எங்கே விட்டாய், வாய்க்காலிலா என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அழுகை அதோடு நின்றது. பானட்டிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருக்க, நாங்கள் மையத்து வாசலில் போய் நின்றோம். குளத்தில் விழுந்தெழுந்தவர்கள் மாதிரி இறங்கிய பெண்களைப் பார்த்து வாசலில் இருந்த காவலர், அங்கே மழையா என்று கேட்டார்.

அந்தப் பெண்கள் எல்லோரும் தேறினார்கள். இன்ஜின் தேறவில்லை. ஹெட் கேஸ்கெட் வெந்துபோயிருந்தது. தணிகாசலம் வண்டியைப் பார்த்துத் தலையைச் சொறியவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க ஆன செலவில் டீச்சருடைய சேமிப்பு கரைந்தது. வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணம் அது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஷீபா ஓடிவந்து, இந்தச் சனியனைப் பழைய இரும்புக்குப் போடு, தவணையில் புதுசு வாங்கலாம் என்று சண்டை போட்டாள். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

"முப்பத்தஞ்சு மார்க் வாங்கினா பாஸ்தானே?" என்றார் டீச்சர். "எங்கிட்ட படிக்கிறதுங்க பாதி முப்பத்தஞ்சுதான். அதுங்களை எல்லாம் இரும்புக்குப் போட்டுட்டனா?"

ஓய்வு பெற்ற பிறகு மகளின் பிடுங்கல் தாங்காமல் ஒருமுறை விற்கவும் சம்மதித்தார். ஓரிக்கையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ஷீபா அம்மாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். வந்தவர் வண்டி எப்படி ஓடும் என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். டீச்சர் பானட்டைத் திறந்து முன்னாலிருந்து தொடங்கினார். இந்த ஹோஸ் மூன்றாவது, இந்தக் காயில் மறுபடி கசியும், இந்த வயரை எலி கடித்தது, கிளட்ச் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்த மனிதர் விலையைக் குறைத்துக் கேட்கத்தான் வந்திருந்தார். பாதியில் பரிதாபப்பட்டு, நீங்கள் தனியாகத் தூரமெல்லாம் போகாதீர்கள் அம்மா என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துக் கிளம்பிவிட்டார். ஷீபா தலையில் அடித்துக்கொண்டாள். மறைத்து விற்றால் அந்த ஆள் நடுவழியில் நிற்கிறபோது என்னைத்தானே திட்டுவார் என்றார் டீச்சர்.

விற்காததற்கு வேறு காரணம் ஒன்று உண்டு. அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினைப் பிரித்துப்போட்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் தணிகாசலத்தின் கொட்டகையில் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தோம். வண்டி சக்கரங்கள் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. டீச்சருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அம்மா நாற்று நட்டவர். தெரு ஊருக்கு வெளியே. டீச்சர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க தெருவுக்குக் கார் வந்தா, ஒண்ணு யாருக்கோ சீக்கா இருக்கணும். இல்லேன்னா ஓட்டு கேக்க வந்திருக்கணும். சும்மா வந்த மொத கார் இதுதான் தமிழம்மா."

பிறகு எழுந்து, பஸ் வரும், வாங்க, இது எங்கேயும் ஓடிடாது என்றார்.

செய்தி வந்த அன்று முருகேசன் சாரும் நானும் காவாந்தண்டலம் போனபோது தெருமுனையில் ஒரே குழப்பம். குளிர்பெட்டி ஏற்றிவந்த வேன் உள்ளே நுழைய முடியவில்லை. டீச்சருடைய வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. சாவி இருந்தது. தணிகாசலம் உட்கார்ந்து திருகினார். விளக்கெல்லாம் எரிந்தது, இன்ஜின் அசையவில்லை. தள்ளலாம் என்றால் முன்னால் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், பின்னால் மேடு. வண்டிக்கு ஒன்றும் இல்லை, டீச்சர் எப்படியோ பண்ணி எடுப்பார், கொட்டகையிலும் அவரேதான் எடுப்பார், நான் சரியாகப் பார்த்ததில்லை என்று தணிகாசலம் வியர்த்தார்.

முருகேசன் சார் ஜன்னல் ஓரம் குனிந்து, ஏசி ஸ்விட்சை முதலில் அணைக்கச் சொன்னார். எனக்கு ஒன்று நினைவு வந்தது. டீச்சர் உட்கார்ந்த பிறகு கதவை ஒருமுறை திறந்து மறுபடி சாத்துவார். அது ஒழுங்காகச் சாத்தாத கதவு என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். தணிகாசலம் அப்படியே செய்தார். சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்தது. இன்ஜின் ஒருமுறை செருமிவிட்டு நின்றது. எதிர்வீட்டு வாசலில் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண் அழுகையை நிறுத்திவிட்டு, "ரெண்டு தபா கிளட்ச்ச மிதிச்சிக்கினு அப்பால திருப்புவாங்கப்பா. என் புள்ள பொறக்க ஆஸ்பத்திரி போறப்ப நான் பக்கத்துலதான குந்தினு இருந்தேன்" என்றாள்.

இரண்டு முறை மிதித்தார். வண்டி உறுமிக் கிளம்பியது. தெருவே கைதட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் எதற்கு நிற்கிறோம் என்பது எல்லோருக்கும் உறைத்தது. ஷீபா வாசற்படியில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள், பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கார் சும்மா வந்தது என்பது அந்தத் தெரு முழுவதற்கும் தெரிந்த செய்திதான் என்று அப்போது புரிந்தது. ஷீபா வண்டியைத் தெருவுக்கே கொடுத்துவிட்டாள். தணிகாசலத்திடம் அடிக்கடி வருகிறதாம்.

டீச்சரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. வண்டி ஓட்டவும் வராது. ஒரே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதை ரிப்பேருக்குக் கொடுத்தாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் டீச்சர் காசு கொடுக்கமாட்டார். மாற்றினேன் என்று சொன்னால் போதாது, மாற்றியதைக் காட்ட வேண்டும். எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது, மயக்கம் தெளியாத என்னைத் தாண்டிப்போய், எடுத்த கல்லைக் குப்பியில் போட்டுக் கொடுங்கள் என்று டாக்டரிடம் நின்றவர்.

போன வாரம் மிக்ஸி ஓடவில்லை. உத்திரமேரூர் பஜாரில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் இளைஞர், முன்பின் தெரியாது. கப்ளர் மாற்றியாயிற்று என்று மிக்ஸியை நீட்டினார். நான் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கப்ளரைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். குப்பைப்பெட்டியில் தேடி எடுத்து, துடைத்து, தினசரித் தாளில் மடித்துக் கொடுத்தார்.

"நீங்க எஸ்தர் டீச்சர் கிட்ட படிச்சவங்களா?" என்றார். "இந்தப் பக்கம் பழச கேட்டு வாங்கறவங்க எல்லாம் அவங்க கிட்ட படிச்சவங்களா இருப்பாங்க, இல்லாட்டி வேண்டியவங்களா இருப்பாங்க."

"படிச்சதில்லப்பா" என்றேன். "வேண்டியவ."